வேர்ப்பக்கம் கீழே

மரக்கடையில் அன்றைக்கு நடந்த பேச்சு மருமகளுக்கு இன்னமும் வரிசை குலையாமல் நினைவிருக்கிறது.

முதலில் வாயைத் திறந்தவர் கடைக்காரர்தான். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, தொப்பையின் மேல் கைகளைக் கோர்த்தபடி வாசலில் நின்றிருந்தவர், மாமனாரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

"அடடே, கதவுக்காரரா! ஓய்வெடுக்கப் போறேன்னு போன ஆளுக்கு மரவாசனை இல்லாம தூக்கம் வரலையா?"

"மூச்சு வாங்குதுன்னு டாக்டர் உளியைக் கீழ வைக்கச் சொன்னார். மரத்தைக் கண்ணால பாக்காதேன்னு சொல்லலையே," என்றார் மாமனார். "இது கதவுக்கு இல்லப்பா. வீட்டுப் பின்னாடி மண்ணு சரிஞ்சுக்கிட்டே போகுது. அதைத் தாங்கி நிக்க ஒரு சுவர் கட்டணும். மரத்துலேயே கட்டலாம்னு பொறியாளர் சொல்லிட்டாரு."

"ஏன், கான்கிரீட்டுல கட்டுனா என்ன?"

"எங்க சந்துல ஒரு வளைவு இருக்கு. சைக்கிளே அங்க ரெண்டு தரம் யோசிச்சுத்தான் திரும்பும். கலவை மிஷின் எங்க வரப்போகுது?"

"மண்ணுல நிக்கிற மரமா? அப்போ செல்லும் ஈரமும் அரிக்காம மருந்து ஏத்தினதுதான் வேணும். வாங்க."

கொட்டகைக்குப் பின்னால் இரண்டு குவியல்கள் கிடந்தன. ஒன்று உருண்டைக் கால்கள். தோல் உரித்த கட்டைகள், மருந்து ஏறிய பச்சை நிறத்தில், ஆளுக்கொரு பக்கமாக வளைந்து, கணுவும் முண்டுமாகக் கிடந்தன. இன்னொன்று நீளமான சதுரக் கட்டைகள்; அடுக்கின விதமே கண்ணுக்கு இதமாக இருந்தது. கடைக்காரர் உருண்டைக் குவியலைச் செருப்புக் காலால் தட்டினார்.

"இதை எடுத்துக்குங்க. சுவருக்கு வேண்டிய அளவுலேயே வெட்டி, அதுக்கப்புறம் மருந்து ஏத்தினது. கொண்டுபோய்க் குழியில இறக்க வேண்டியதுதான் பாக்கி."

மாமனார் குனிந்து ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். "இது என்ன, வயித்துவலிக்காரன் படுத்த மாதிரி வளைஞ்சு கிடக்கு?"

"நீங்க என்ன மாப்பிள்ளையா பாக்கறீங்க? மண்ணைத் தாங்கப்போற கட்டைங்க."

"என் வீட்டுல நிக்கப்போற கட்டை."

அவர் சதுரக் கட்டைகளிடம் போனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டையின் நீளத்துக்கும் பார்வையை ஓட்டினார். விரல் முட்டியால் தட்டினார். முனையில் எச்சில் தொட்டுத் தேய்த்து ரேகை பார்த்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "இங்க பாரும்மா, எவ்வளவு நெருக்கமா இருக்குன்னு. அவசரப்படாம வளர்ந்த மரம்."

"அழகுதான், யார் இல்லேன்னா?" என்றார் கடைக்காரர். "ஆனா உங்க வளைவுல இந்த நீளம் திரும்பாது. பாதியா அறுக்கணும். மருந்து மேல கொஞ்ச ஆழத்துக்குத்தான் ஏறியிருக்கும், நடுவுல வெறும் மரம். அறுத்த முனையில அது திறந்துக்கும். அதனால அறுத்தா, அறுத்த பக்கத்தை வானத்துக்குக் காட்டுங்க. மண்ணுக்குக் காட்டிடாதீங்க."

"எனக்கே மரப்பாடமா?"

"உங்களுக்குத் தெரிஞ்சது வீட்டுக்குள்ள நிக்கிற மரம். இது நனையற மரம். ஏம்மா, நீயாவது கேட்டுக்கோ."

மருமகள் தலையாட்டினாள். வீட்டிலேயே அதிகம் பேசாதவள், வெளியிடத்தில் என்ன பேசிவிடப் போகிறாள்? மாமனார் அதற்குள் சதுரக் கட்டைகளின் முதுகில் தட்டிக்கொடுத்து, "இதையே வண்டியில ஏத்துங்க," என்று சொல்லிவிட்டார்.

வாழ்நாள் முழுக்கக் கதவு செய்தவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. கதவுக்காரர் என்றால் தெரியும். மேசை, நாற்காலி என்று யாராவது கேட்டு வந்தால், "உக்காந்து எந்திரிக்கிற சாமான் எனக்கு வராது" என்று அனுப்பிவிடுவார். நிலைக்கால் நிறுத்துவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படித்தான் வீட்டிலும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. பலகையாக அறுத்து, இழைத்து, சதுரமாக்கிய பின்னாலும் எது வேர்ப்பக்கம் என்று அவருக்குத் தெரியும். கணு சாய்ந்திருக்கிற திசையைப் பார்ப்பார். கிளை மேல்நோக்கித்தானே போயிருக்கும்? அவ்வளவுதான் கணக்கு. அவர் நிறுத்திய நிலைக்கால் ஒன்றுகூட இறங்கியதில்லை, கதவு ஒன்றுகூடத் தரையில் உரசியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்படுவார்.

அவருடைய வீடு மேட்டுச் சரிவில் கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் ஒரு துண்டுத் தோட்டம். அதில் தண்ணீர்க்குழாய், துவைக்கிற கல், துணிக்கொடி, இரண்டு முருங்கை. அதற்கு அப்பால் சரிவு. மாமியாருக்குச் சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் புதிதாக வருகிற யாருக்கும் அது சட்டென்று தெரியாது. மருமகளுக்கே, கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று அவர்தான் காபித் தட்டோடு எதிரே வந்து நின்றார் என்பதால், தெரியவில்லை.

அதற்குக் காரணம் கதவுக்காரர். மனைவியின் கை போகிற உயரத்தில் ஒவ்வொரு நிலையிலும் உளியால் ஓர் அடையாளம் வெட்டியிருந்தார். சமையலறைக்கு ஒரு கோடு, குளியலறைக்கு இரண்டு, படுக்கையறைக்கு ஒரு பிறை. விரல் போய் உட்காருகிற அளவுக்கு ஆழமாக, சிராய் குத்தாமல் தேய்த்து வைத்திருந்தார். பின்கதவிலிருந்து குழாய்வரைக்கும், குழாயிலிருந்து கொடிவரைக்கும் மரக் கைப்பிடிச் சட்டம் போட்டிருந்தார். மாமியார் அதைத் தொட்டும் தொடாமலும் நடந்துபோய்த் தண்ணீர் பிடிப்பார், துவைப்பார், காயப்போடுவார். "இந்தம்மாவுக்கு முதுகுலயும் கண்ணு," என்பார் பக்கத்து வீட்டுக்காரி.

சரிவு தோட்டத்தைத் தின்ன ஆரம்பித்தபோது, துணிக்கொடி கட்டிய கம்பம்தான் முதலில் சாய்ந்தது. வந்து பார்த்த பொறியாளர், மழைக்கு முன்னால் தடுப்புச் சுவர் எழும்பாவிட்டால் பின்னறையின் அடித்தளம் தாங்காது, வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றார். வெளியூரில் வேலை பார்க்கிற மகன் தொலைபேசியில், "பேசாம ஒரு ஃபிளாட் பாத்துப் போயிடலாம்பா" என்றான்.

"உங்கம்மா அங்க எப்படிடா நடப்பா?"

"நாங்க இருக்கோமே, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டோமா?"

கதவுக்காரர் தொலைபேசியை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போய், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார்.

கட்டைகள் வந்த அன்று வண்டி சந்துமுனையோடு நின்றுவிட்டது. அங்கேயே வைத்து ஒவ்வொன்றையும் பாதியாக அறுத்தார்கள். சரிவில் குழி தோண்ட இரண்டு ஆட்களை அமர்த்தியிருந்தார். கட்டைகளைக் குழியில் இறக்குகிற வேலையை மட்டும் அவர்களிடம் விடவில்லை. ஒவ்வொரு கட்டையையும் குழி ஓரத்தில் கிடத்தி, கணுவைத் தேடி, வேர்ப்பக்கம் எது என்று பார்த்துச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார்.

தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்த மருமகள் அதைக் கவனித்தாள். ஒரே மரத்தின் இரண்டு பாதிகள். அடிப்பாதிக்குத் தொழிற்சாலையில் மருந்து ஏறிய முனையே வேர்ப்பக்கம். அது கீழே போயிற்று, சரி. மேல்பாதிக்கு வேர்ப்பக்கம் என்பது அறுத்த முனை. அதுவும் கீழேதான் போய்க்கொண்டிருந்தது.

"மாமா," என்றாள். "அறுத்த முனை மேல இருக்கணும்னு கடைக்காரர் சொன்னாரே."

"சொன்னான், சொன்னான்."

"அப்போ இந்தப் பாதியைத் திருப்பி வைக்கணும் இல்லையா?"

கதவுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, அவளுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்பதுபோல் ஒரு பார்வை. "மரத்தைத் தலைகீழா நிக்க வைக்கச் சொல்றியாம்மா?"

பின்கதவில் சாய்ந்திருந்த மாமியார் சிரித்தார். "பெத்த பையன் பள்ளிக்கூடத்துல தலைகீழா நின்னப்பகூட இப்படிப் பதறல மனுஷன்."

"நீ சும்மா இரு. மரம் வேரால தண்ணியை மேல இழுத்துப் பழகினது. தலைகீழா வெச்சா அதுக்கே எது மேல, எது கீழன்னு குழம்பிடும்."

"வெட்டின மரத்துக்கா?" என்றார் மாமியார்.

"வெட்டினா என்ன?"

மருமகள் விடவில்லை. அவள் ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொல்வது அபூர்வம், அன்றைக்குச் சொன்னாள். அதற்கு அவர் இரங்கி வந்து, அறுத்த முனைகளுக்குத் தார் காய்ச்சிப் பூச ஒப்புக்கொண்டார். ஒன்றுக்கு இரண்டு பூச்சாக, கதவுக்கு வார்னிஷ் அடிக்கிற பொறுமையோடு தானே பூசினார். "இப்போ திருப்தியா? என் மருமக மருந்துக்கடை வெச்சிருந்தா இன்னும் நல்லா விசாரிச்சிருப்பா," என்றார். குழி தோண்டுகிறவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

மற்ற எதிலும் குறை வைக்கவில்லை அவர். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பினார், தண்ணீர் வடிய ஓட்டைக் குழாய் பதித்தார், பலகைகளை மயிரிழை நுழையாமல் சேர்த்தார். கட்டைகள் நெஞ்சு உயரத்துக்கு வரிசையாக, ஒரு பெரிய கதவைக் கிடத்தி நிமிர்த்தியதுபோல நின்றன. மேல்விளிம்பில், தோட்டத்தில் நடப்பவர் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு கைப்பிடிச் சட்டம். மாமியார் அதைத் தடவிக்கொண்டே கடைசிவரைக்கும் போய், திரும்பி வந்து, "ஒரு சிராய்கூட இல்ல," என்றார். கதவுக்காரர் அன்றைக்கு இரண்டு தடவை டீ குடித்தார்.

முதல் மழைக்காலம் போயிற்று. சுவர் அசையவில்லை. இரண்டாவதும் போயிற்று. மகன் ஃபிளாட் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டான். மூன்றாவது வருஷம், மழைக்கு இன்னும் நாளிருந்த நேரம், ஒரு காலையில் மாமியார் குடத்தோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார்.

"ஏங்க, குழாய்கிட்ட தரை என்னைத் தள்ளுது."

"தலைசுத்தலா இருக்கும். மாத்திரை போட்டியா?"

"கண்ணுதான் போச்சு. காலு இருக்கு எனக்கு."

கதவுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தரை தரையாகத்தான் இருக்கிறது என்றார். மறுநாளும் மாமியார் அதையே சொன்னார். அடுத்த நாள் சொல்லவில்லை. குழாயிலிருந்து திரும்பும்போது சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் அப்படிப் பிடித்து மருமகள் பார்த்ததில்லை.

மருமகள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். மேலே பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கிற பல், கருவியின் முனை ஈறுக்கடியில் இறங்கும்போது எப்படி வழிவிட்டுக் கொடுக்கும் என்பதை அவள் தினமும் பார்ப்பவள். அன்று வேலையிலிருந்து வந்ததும், கைப்பையை வைத்துவிட்டு, நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சுவருக்குக் கீழே சரிவில் இறங்கினாள். கதவுக்காரர் மேலிருந்து, "என்னம்மா தேடற?" என்றார்.

முதல் கட்டையின் அடியில், மண்ணைக் கொஞ்சம் தள்ளிவிட்டுக் குத்தினாள். இறங்கவில்லை.

"பாத்தியா? இரும்பு மாதிரி இருக்கும்," என்றார்.

இரண்டாவதில் குத்தினாள். கைப்பிடிவரைக்கும் போயிற்று. இழுத்தபோது ஈரமான, பழுப்பான நார் கூடவே வந்தது. மூன்றாவது இறங்கவில்லை. நான்காவது, வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

அவர் படி வழியாக இறங்கி வந்து, அவள் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டார். மூச்சு இரைத்தது. வரிசையின் கடைசிவரைக்கும் தானே குத்திக்கொண்டு போனார். பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை மருமகள் கவனித்தாள். ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் நல்ல கட்டைகளை விட்டுவிட்டு, ஒன்று விட்டு ஒன்றுக்கு மட்டும் போனார். எந்தெந்தக் கட்டை மரத்தின் மேல்பாதி என்று அவருக்கு இன்னும் நினைவிருந்தது. ஒன்றும் தப்பவில்லை.

கடைசிக் கட்டையருகே உட்கார்ந்துவிட்டார்.

"தார் பூசினோமே மாமா," என்றாள் அவள்.

"நீ சொன்னே," என்றார் அவர். "நீ ரெண்டு தரம் சொன்னே."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் அந்த வார்த்தைக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

அதன்பிறகு எல்லாம் கைமீறிப் போயிற்று. குழி தோண்டினவர்களைத் தேடிப் பிடித்து, கெட்ட கட்டைகளுக்குப் பக்கத்தில் புதுக் கட்டை நடலாம் என்று பேசி முடித்தார்கள். இந்தத் தடவை கதவுக்காரர் கடைக்குப் போகவில்லை. மருமகளே போய், பச்சை ஏறிய அந்தக் கோணல்மாணல் உருண்டைக் கால்களைச் சொல்லிவிட்டு வந்தாள். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்லதா பொறுக்கி அனுப்பறேன்மா," என்று மட்டும் சொன்னார். கட்டைகள் சந்துமுனையில் வந்து இறங்கின. அன்றைக்குப் பிடித்தது மழை. விட்டால்தானே குழி தோண்ட முடியும்? அது விடவில்லை. உருண்டைக் கால்கள் சந்துமுனையிலேயே நனைந்துகொண்டு கிடந்தன. தெருப்பிள்ளைகள் அவற்றின் மேல் ஏறிக் குதித்து விளையாடினார்கள்.

சுவர் விழுந்தது ஒரு பட்டப்பகலில். மருமகள் வேலையில் இருந்தாள். மாமியார் சமையலறையில் இருந்ததால் தப்பித்தார். வெளியே போயிருந்த கணவரிடம் பின்னால் சொன்னார்: "யாரோ பெரிய கதவைச் சாத்தின மாதிரி ஒரு சத்தம். நீங்கதான் வந்துட்டீங்கன்னு நெனச்சேன்." குழாய், கல், கொடி, முருங்கை எல்லாம் கீழே போயிருந்தன. தண்ணீர் எங்கேயோ மண்ணுக்கடியில் கொட்டிக்கொண்டிருந்தது. நல்ல கட்டைகள் மட்டும் அங்கங்கே ஒற்றையாக, எதையும் தாங்காமல், நேராக நின்றன. பின்னறைச் சுவரில் ஓடிய விரிசலில் மருமகள் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. நேரே பிறை வெட்டிய நிலை இருந்தது. அது மட்டும் இம்மியும் நகரவில்லை.

பொறியாளர் வந்து, குடியிருக்கக் கூடாது என்று சிவப்பு மையால் சுவரில் எழுதிவிட்டுப் போனார். மகன் வந்தான். அவன் அப்பாவை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நல்ல இடம்பா. லிஃப்ட் இருக்கு. அம்மாவுக்குப் படி ஏற வேண்டாம்," என்று தேனாகப் பேசினான். கதவுக்காரருக்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்திருக்கும். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஃபிளாட்டில் எல்லா நிலைகளும் இரும்பு.

போன மறுநாள் காலையில் கரகரவென்று சத்தம் கேட்டு மருமகள் எழுந்து வந்தாள். மாமனார் சமையலறை வாசலில் நின்று, அரத்தால் இரும்பு நிலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் கை உயரம், ஒரு கோடு. பெயின்ட் உரிந்து பொடியாக உதிர்ந்தது. அதற்குக் கீழே இரும்பில் ஒரு பளபளப்பு வந்ததே தவிரப் பள்ளம் விழவில்லை. மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தார். பிறகு நிறுத்திவிட்டு, விரலால் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

அப்புறம் கயிறு கட்டிப் பார்த்தார், அது நழுவியது. துணி ஒட்டிப் பார்த்தார். மாமியார் அதைத் தொட்டுவிட்டு, "இங்க எதுக்குக் கந்தல் தொங்குது?" என்று பிய்த்துப் போட்டுவிட்டார். ஒரு வாரத்துக்கு மாமியாரும் தானே நடக்க முயன்றார். அறைகள் எல்லாம் ஒரே மாதிரி, வாசல்கள் எல்லாம் ஒரே சில்லிப்பு. குளியலறை என்று நினைத்து வாசற்கதவைத் திறந்துகொண்டு, லிஃப்டுக்கு முன்னால் நின்று, "தண்ணி எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மேல்மாடிக்காரர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அன்றோடு நடப்பதை நிறுத்தினார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. அந்தக் குரலில் ஒரு தயவு கேட்கிற தோரணை வந்திருந்தது. பழைய வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

கேட்டதும் மருமகள் போவாள். கையைப் பிடித்து எழுப்புவாள். குளியலறைக்கு, சமையலறைக்கு, ஜன்னலுக்கு. முதலில் மாமியார் விரல்களை விறைப்பாக வைத்திருந்தார், பிறகு தளர்த்திவிட்டார், இப்போதெல்லாம் அவள் வருவதற்கு முன்பே கையை நீட்டி வைத்துக்கொண்டிருக்கிறார். கதவுக்காரர் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். இவர்கள் இருவரும் கைகோர்த்து வருவது காதில் விழுந்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அங்கே பார்ப்பதற்கு எதிர்க் கட்டடத்தின் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. அவர்கள் கடந்துபோகிறவரைக்கும் திரும்ப மாட்டார்.

அவர் ஏன் எழுந்து போகிறார் என்று மகனுக்குத் தெரியாது. "அப்பா காத்து வாங்கறாரு," என்பான். மருமகளுக்குத் தெரியும். சுவர் கட்டி முடித்த அன்று சாயங்காலம், இரண்டாவது டீயைக் குடித்துவிட்டு டம்ளரை அவளிடம் நீட்டியபோது, மாமியார் சட்டத்தைத் தடவிக்கொண்டு அந்தக் கோடியில் நடந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழாதபடி, கதவுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்கு ஒண்ணு செய்வியாம்மா? நான் இருந்தாலும் சரி, இல்லாம போனாலும் சரி, அவ கையை மட்டும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாத. அவளே கேட்டாலும் பிடிக்காத."